கல்லீரல் அறுவைக்குக் ‘கூசா’ கருவி கட்டாயமா?

அப்பாவின் கல்லீரல் கட்டியை அகற்றப்போகிறார்கள், செலவுப் பட்டியலில் ‘கூசா’ (CUSA, மீயொலி அதிர்வால் திசுவை உடைத்து உறிஞ்சும் கருவி) என்று தனியாக ஒரு பெரிய தொகை இருக்கிறது, அது இல்லாமல் செய்தால் ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். அறுவை அரங்கில் கருவி எடுத்துக் கொடுக்கும் செவிலியராகப் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். கூசா இல்லாமலும் பாதுகாப்பாகச் செய்ய முடியும்.

கல்லீரலுக்குள் ரத்தக்குழாய்களும் பித்தநாளங்களும் வேர்போல ஓடுகின்றன. கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டினால் ரத்தம் கொட்டும். அதனால் மெத்தென்ற திசுவை மட்டும் விலக்கி, குழாய்களை வெளியே தெரியவைத்து, ஒவ்வொன்றாகக் கட்டி வெட்டுவார்கள். கெல்லி என்று நாங்கள் சொல்லும் சாதாரண கிளாம்ப் (இடுக்கி) திசுவை நசுக்கும். குழாய்கள் இழை இழையாக மிஞ்சி நிற்கும். கூசாவின் முனையோ நொடிக்குச் சுமார் 23,000 முறை அதிர்ந்து, நீர்ச்சத்துள்ள திசுவை உடைத்து உறிஞ்சிவிடும்.

சூரிச்சில் 100 நோயாளிகளிடம் நான்கு முறைகளை ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளிவந்தது. கிளாம்ப் நிமிடத்துக்கு 3.9 சதுர சென்டிமீட்டர் பிரித்தது, கூசா 2.3. ரத்த இழப்பும் செலவும் கிளாம்பில்தான் குறைவு. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கிளாம்ப் முறையில் மட்டும் கல்லீரலுக்கு வரும் ரத்தத்தை அடைத்துவைத்துச் செய்தார்கள். பிரிங்கிள் என்ற அறுவை மருத்துவர் 1908இல் சொன்ன பழைய உத்தி அது. மேலும், அந்த நோயாளிகளில் யாருக்கும் கல்லீரல் சுருக்க நோய் (சிரோசிஸ்) இல்லை.

கூசாவை வீண் செலவு என்று நான் சொல்லவே மாட்டேன். கட்டி பெரிய சிரையை ஒட்டியிருக்கும்போதும், உயிருள்ள கொடையாளரிடமிருந்து கல்லீரலின் பகுதியை எடுக்கும்போதும், குழாயின் சுவர் கீறாமல் அது மெல்ல மெல்லத் திறந்து காட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவசரப்படாத கருவி அது.

ரத்த இழப்பைப் பொறுத்தவரை மயக்க மருத்துவரின் பங்கும் பெரிது. மைய சிரை அழுத்தத்தை, அதாவது இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் உள்ள ரத்த அழுத்தத்தை, அவர் தாழ்வாக வைத்திருந்தால் எந்தக் கருவியானாலும் கசிவு குறையும்.

ஆகவே அறுவை மருத்துவரிடமே கேளுங்கள்: கட்டி எந்தக் குழாய்க்கு அருகில் இருக்கிறது, அப்பாவின் கல்லீரலில் சுருக்கம் உண்டா, உங்கள் கைக்குப் பழகியது எது? தயங்க வேண்டாம். இப்படிக் கேட்டதற்காகக் கோபித்துக்கொண்ட நல்ல மருத்துவரை நான் பார்த்ததில்லை.