பெரியம்மாவின் தகரப் பெட்டி

கேள்வி: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான எங்கள் பெரியம்மா, 86 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஓராண்டு நினைவு ஆராதனையன்று ஒரு நினைவு மலர் வெளியிட எண்ணியுள்ளோம். ஓய்வுநாள் பள்ளியிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் அவர் செய்த ஊழியத்தை மட்டும் எழுதினால் போதும், ஓவியம் வெறும் பொழுதுபோக்குதானே என்கிறார்கள் உறவினர்கள். அவர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, களியக்காவிளை

பதில்: ஊழியத்தை எழுதத்தான் வேண்டும். ஆனால் பொறுப்பு வகித்தார், ஜெபக்கூட்டம் நடத்தினார் என்ற வரிகளைப் பெயரை மட்டும் மாற்றி எந்த மலரிலும் அச்சிட்டுவிடலாம். உங்கள் பெரியம்மாவுக்கே உரியவை அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. ஆகவே பிறப்பு, படிப்பு, திருமணம் என்று தொடங்காமல் படங்களிலிருந்தே தொடங்குங்கள்.

ஒவ்வொரு படத்தையும் வீட்டு மூத்தவர்களிடம் காட்டி, இது எந்த இடம், எந்தக் காலம், வரையும்போது உடன் இருந்தவர் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் முழுமையாகத் தெரியும் படம் ஏதேனும் இருந்தால், அது பாலம் கட்டி முடிந்த 1966-க்குப் பிந்தியது என்று துணிந்து எழுதலாம். இன்று ரப்பர் நிற்கும் சரிவில் அவர் மரச்சீனி (மரவள்ளி) விளையைத் தீட்டியிருந்தால், அது உங்கள் குடும்பத்துக்கு மட்டுமல்ல, ஊருக்கும் ஆவணம். 1956 நவம்பர் 1 வரை உங்கள் விளவங்கோடு வட்டம் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலுமாக இருந்ததால், படத்தின் பின்புறக் குறிப்புகள் மலையாளத்தில் இருக்கக்கூடும். அவற்றை அழிக்காமல், படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டு அப்படியே அச்சிடுங்கள். கிறிஸ்து பிறப்புக் காட்சிகளையும் வேத வசன அட்டைகளையும் மட்டும் பொறுக்கியெடுக்கும் ஆசை வரும். கோழிக்கூட்டையும் பலாமரத்தையும் வரைந்தவரும் அதே விசுவாசிதான்.

ரவிவர்மாவின் பயணங்களைப் பற்றி நாம் இவ்வளவு அறிந்திருப்பதற்கு, உடன் சென்ற தம்பி ராஜராஜ வர்மா நாட்குறிப்பு எழுதிவைத்ததும் ஒரு காரணம். அவர்களுடைய தங்கை மங்களா பாயும் ஓவியரே. ஆயினும் அவர் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? வீட்டுப் பெண்களின் கலை பொழுதுபோக்காகிவிடுவது இப்படித்தான்.

இனிப் பாதுகாப்பு. இரண்டு பருவமழையும் பெறும் உங்கள் பகுதியில் காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம். பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் அதன் பின்னாலேயே வந்துவிடும். துருப்பிடிக்கும் தகரப் பெட்டியிலிருந்து படங்களை வெளியே எடுத்து, அமிலமற்ற காகிதத்தை இடையில் வைத்து, படுக்கைவசமாக அடுக்குங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. செலோடேப்பும் அப்படியே, அதன் பசை பழுத்துக் கறையாகிவிடும். சட்டமிடும் படங்களில் கண்ணாடி வண்ணத்தைத் தொடாதபடி நடுவில் தடித்த அட்டை விளிம்பு இருக்க வேண்டும். மழையில் நனையும் வெளிச்சுவரிலோ வெயில் விழும் இடத்திலோ மாட்டாதீர்கள். நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும், ஒருமுறை வெளுத்த நிறம் திரும்பாது. அருங்காட்சியகங்கள் இத்தகைய ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவு ஒளியே போதுமென்று கட்டுப்படுத்துவது அதனால்தான். பின்புறத்தில் இடமும் ஆண்டும் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் வரை தெரியும்.

படங்களை உறவினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பே நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்து, எந்தப் படம் யார் வீட்டுக்குப் போகிறது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துவிடுங்கள்.