"எல்லாம் சும்மா கிடைக்குதாமே" என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, அடுத்த மாதம் அவுஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரியில் தாதியாகச் சேரப்போகிறீர்கள். "பூர்வகுடி மக்களுக்கு அரசாங்கம் எல்லாம் சும்மா கொடுக்குதாம், பிறகும் ஏன் இந்த நிலை?" என்று கேட்டிருந்தீர்கள். நான் சிட்னிக்கு வந்த புதிதில் எங்கட ஆட்களே எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். நானும் கனகாலம் நம்பினேன்.

வேலையில்லாதவருக்கான கொடுப்பனவில் அவர்களுக்கென்று தனிச் சலுகை இல்லை. எல்லாருக்கும் ஒரே விதிதான். சும்மா எடுக்கப்பட்டது அவர்களுடையதுதான். குவீன்ஸ்லாந்தில் அவர்கள் உழைத்த கூலியைப் பல பத்தாண்டுகள் அரசே பிடித்து வைத்தது. பலருக்கு அது திரும்பக் கிடைக்கவேயில்லை. அவர்களின் பிள்ளைகளை அரசாங்கங்கள் குடும்பங்களிடமிருந்து பறித்ததற்குப் பிரதமர் கெவின் ரட் 2008இல்தான் மன்னிப்புக் கேட்டார். ஆகவே நீங்கள் கோப்போடு கட்டிலருகே போகும்போது ஒரு பாட்டி பேரனை இறுக்கிப் பிடித்தால், குறை நினைக்காதீர்கள்.

நீங்கள் போகும் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. அங்கிருந்து மேற்கே 500 கிலோமீற்றருக்கு அப்பால் பாலைவனத்தில் கின்டோர் என்ற பூர்வகுடி ஊர். சிறுநீரகம் பழுதானவர்கள் ஊரையும் உறவையும் விட்டு, கிழமைக்கு மூன்று தடவை டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) செய்ய அலிஸ் ஸ்பிரிங்ஸில் வந்து கிடந்தார்கள். ஊரில் இயந்திரம் வைக்க அரசாங்கம் முன்வரவில்லை. 2000ஆம் ஆண்டு அந்தப் பாலைவனத்துப் பூர்வகுடி ஓவியர்களின் அமைப்பான பபுன்யா தூலாவின் ஓவியர்கள் படங்கள் வரைந்து சிட்னியில் ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அந்தக் காசில் 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. இன்று அந்த அமைப்பைப் பர்ப்பிள் ஹவுஸ் என்பார்கள். 2018இல்தான் எட்டத்து ஊர்களில் செய்யும் டயாலிசிஸுக்கு அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிகேர் பணம் தரத் தொடங்கியது.

அரசு செய்யவேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன்: வழியை அவர்கள் காட்டட்டும், செலவை அது ஏற்கட்டும். 2007இல் தலைகீழாகச் செய்தார்கள். யாரையும் கேட்காமல், அலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் வட பிரதேசத்துக்கு இராணுவத்தை அனுப்பி, இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே நிறுத்தி வைத்து, உதவிப்பணத்தில் பாதியைக் கட்டுப்படுத்தினார்கள். அந்தக் காயம் அங்கே இன்னும் ஆறவில்லை.

வேலை தொடங்கமுதல் பர்ப்பிள் ஹவுஸைப் போய்ப் பாருங்கள். பூர்வகுடி மக்களே 1973இல் தொடங்கி நடத்தும் காங்கிரஸ் என்ற அமைப்பின் மருத்துவ நிலையமும் அதே ஊரில்தான் இருக்கிறது. நோயாளி சிகிச்சை முடியமுதல் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால், "மறுத்தார்" என்று எழுதமுதல் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பலவேளை அங்கே ஒரு செத்தவீடு இருக்கும்.