எலும்பு ஸ்கேன் தெளிவாக இருந்தும் கால்சியம் ஏறுவது ஏன்?

இரத்தத்தில் ஏறும் அந்தக் கால்சியம் பெரும்பாலும் எலும்பிலிருந்துதான் வருகிறது. மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ள தங்கள் தந்தையின் எலும்பு ஸ்கேன் தெளிவாக இருப்பது இதற்கு முரணன்று, ஏனெனில் அந்த ஸ்கேன் எலும்பு புதிதாக உருவாகும் இடங்களையே எடுத்துக்காட்டும், வெறுமனே கரையும் இடங்களை அல்ல.

மைலோமா செல்களும் அவற்றைச் சூழ்ந்த மஜ்ஜைச் செல்களும் சுரக்கும் இன்டர்லியூக்கின்-6, எம்.ஐ.பி.-1 ஆல்ஃபா போன்ற சைட்டோகைன்கள் (செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதங்கள்), ரேங்க் லிகண்ட் என்னும் புரதத்தின் துணையோடு, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகின்றன. இரத்தக் கால்சியத்தை உயர்த்தும் பாராதைராய்டு ஹார்மோன் அவருக்குக் குறைந்திருந்தால், அது ஏறிய கால்சியத்துக்குப் பாராதைராய்டு சுரப்பி காட்டும் இயல்பான எதிர்வினையே.

சைட்டோகைன் அளவைச் சோதிப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை. புரதத்தோடு ஒட்டாத அயனிக் கால்சியத்தையும், சிறுநீரக இயக்கத்தைக் காட்டும் கிரியேட்டினினையும் பார்க்கச் சொல்லுங்கள்; மைலோமா புரதமே கால்சியத்தைப் பற்றிக்கொண்டு மொத்த அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டுவதும் அரிதாக உண்டு.

மனக்குழப்பமோ தொடர் வாந்தியோ இருந்தால், எந்த முடிவுக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.