பிரீலே கோட்டைத் துறைமுகம்: கேட்டவையும் பதில்களும்

நெதர்லாந்தில், மாஸ் ஆற்றின் பழைய முகத்துவாரத்தில் இருக்கும் சின்ன ஊர் பிரீலே. ராட்டர்டாமுக்கு மேற்கே, வோர்ன தீவில். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே.

கே: 1572 ஏப்ரல் 1 அன்று சில நூறு பேர் ஒரு கோட்டை ஊரையே பிடித்தார்களாமே, எப்படி சார்?

உள்ளே காவல் இல்லை, அவ்வளவுதான். அப்போது நெதர்லாந்து ஸ்பெயின் ஆட்சியில் இருந்தது. ஸ்பெயினின் ஆளுநர் ஆல்வா போட்ட வரியால் கலகம் கிளம்பியிருந்த உட்ரெக்டுக்குப் படையை அனுப்பிவிட்டார்கள். அதே சமயம் இங்கிலாந்தின் எலிசபெத் ராணி, 'கடல் பிச்சைக்காரர்கள்' என்ற கலகக் கப்பல்காரர்களைத் தன் துறைமுகங்களிலிருந்து விரட்டியிருந்தார். போக்கிடம் இல்லாமல் சுமார் 600 பேர், லூமே என்பவர் தலைமையில், மாஸ் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கோப்பல்ஸ்டாக் என்ற படகோட்டியைத் தூது அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான திரெஸ்லாங்கின் தந்தை அந்த ஊரில் அதிகாரியாக இருந்தவர். அதனால் திரெஸ்லாங்கின் மோதிரத்தையே அடையாளமாகக் கொடுத்துவிட்டார்கள். எத்தனை பேர் என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்க, படகோட்டி அசராமல் ஐயாயிரம் பேர் என்றார் என்பது ஊர்க்கதை. வசதியானவர்கள் தெற்கு வாசல் வழியாக ஓட, வடக்கு வாசலுக்குத் தீ வைத்து, கப்பலின் பாய்மரத்தால் இடித்து உள்ளே நுழைந்தார்கள்.

கே: ஸ்பெயின்காரர்கள் சும்மா விட்டார்களா?

சில நாளிலேயே பாஸ்யூ பிரபு படையோடு வந்தார். அப்போது ஊர்த் தச்சர் ரோக்குஸ் மேயுவிஸ்சோன் கோடரியோடு நீந்திப்போய் மதகை வெட்டித் திறந்துவிட்டார். வயல்வெளி முழுக்கத் தண்ணீர். வந்தவர்களுக்குக் கரைமேல் போகும் ஒடுக்கமான பாதை மட்டும்தான் மிச்சம். அதற்கு நேரே பீரங்கி! என்னைக் கேட்டால் அன்று ஊரைக் காத்ததில் மதிலைவிட மதகுக்குத்தான் பங்கு அதிகம்.

கே: அப்படியானால் லூமே ஒரு வீரர்தானே?

அதே ஆண்டு ஜூலை 9 அன்று, 'கோர்க்கும்' என்ற ஊரில் பிடித்த 19 கத்தோலிக்கத் துறவிகளையும் குருமார்களையும் பிரீலேவுக்கு வெளியே ஒரு கொட்டகையில் தூக்கிலிட வைத்தவர் அவர்தான். விட்டுவிடச் சொல்லி கலகத்தின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் எழுதியும் கேட்கவில்லை. அந்த 19 பேருக்கு 1867இல் புனிதர் பட்டம் கிடைத்தது. சரி, வீரரா என்று நீங்களே சொல்லுங்கள்.

கே: ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்ததாகப் படித்தேன். போரில் தோற்றா?

இல்லை, அடமானம். 1585இல் டச்சுக்காரர்களுக்குப் படையுதவி செய்ய எலிசபெத் ஒப்புக்கொண்டபோது, செலவுக்கு ஈடாக பிரீலேவும் ஃபிளிஸ்ஸிங்கன் என்ற துறைமுக ஊரும் போயின. 1616இல் பணம் கட்டி மீட்டார்கள்.

கே: பழவேற்காட்டுக்கு வந்த டச்சு கம்பெனிக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டா அண்ணா?

நேரடியாக இல்லை. கம்பெனியின் ஆறு கிளைகளில் பிரீலே கிடையாது. ஆனால் கடலோடிகளுக்குக் குறைவில்லை. கடற்படைத் தளபதி மார்ட்டன் டிராம்ப் 1598இல் பிறந்தது இங்கேதான்.

கே: மற்ற ஊர்களில் மதிலை இடித்துவிட்டார்கள். இங்கே மட்டும் எப்படித் தப்பியது?

ஊர் நொடித்துப்போனதால்தான். இன்று காண்கிற மண்மதில்களும் கொத்தளங்களும் பெரும்பாலும் 1700ஐ ஒட்டிப் புதுப்பித்தவை. ஆனால் அதற்குள் முகத்துவாரம் மணல் மேடிட்டுவிட்டது. போர்க்கப்பல்கள் அதே தீவின் தென்கரையில் உள்ள ஹெல்லவூட்ஸ்லைஸுக்குப் போய்விட்டன. 1872இல் ராட்டர்டாமுக்குப் புதுக் கால்வாய் திறந்ததும் பெரிய கப்பல்களுக்கு இந்தப் பக்கம் வேலையே இல்லை. ஊர் பெருகினால்தானே மதிலை இடிக்க வேண்டும்? 1950இல் ஆற்றை அணை கட்டி அடைத்தார்கள். இப்போது அது நன்னீர் ஏரி.

கே: முட்டாள்கள் தினம் இங்கேதான் தொடங்கியதா?

ஏப்ரல் 1 அன்று ஆல்வா ஏமாந்ததால் வந்தது என்பார்கள். ஆனால் 1561லேயே ஒரு ஃபிளெமிஷ் கவிதையில் அந்த வழக்கம் வந்துவிட்டது. தேதி இடிக்கிறதே!

கே: போனால் எதைப் பார்ப்பது?

முதலில் மதில்மேல் ஊரை ஒரு சுற்று நடந்துவிடுங்கள். அப்புறம் புனித கத்தரீனா தேவாலயம்: 15ஆம் நூற்றாண்டில் பெரிதாகத் திட்டமிட்டு, முடிக்காமலே விட்டது. ஏப்ரல் 1 அன்று ஊரே பழைய உடையில் சண்டையை நடித்துக் காட்டும். கூட்டம் பிடிக்காது என்றால் வேறு நாளில் போங்கள்.