பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஹேங் ஆகுற கம்ப்யூட்டர்: டிஸ்க்க பாருங்க

வணக்கங்க. ரெண்டு தடவ விண்டோஸ் புதுசா போட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஹேங் ஆகுது, மவுஸ் மட்டும் நகருது, ரெண்டு நிமிஷம் கழிச்சு தானா சரியாகுதுன்னு எழுதியிருக்கீங்க, அதுலயும் ஏழு வருஷப் பழைய ஹார்ட் டிஸ்க்குன்னு சொல்றீங்க, எனக்கு சந்தேகம் முழுக்க அந்த டிஸ்க் மேலதான். ராம் (மெமரி) கோளாறுன்னா பெரும்பாலும் நீல ஸ்க்ரீன் வரும், இல்லன்னா திடீர்னு ரீஸ்டார்ட் ஆகும். டிஸ்க்குல ஒரு இடத்த படிக்க முடியலன்னா அதையே திரும்பத் திரும்ப படிக்கப் பாக்கும், அதுவரைக்கும் விண்டோஸ் காத்துக்கிட்டு நிக்கும், அதான் இந்த ரெண்டு நிமிஷம்.

வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி உங்க பாப்பா போட்டோவெல்லாம் எக்ஸ்டெர்னல் டிஸ்க்குல காப்பி பண்ணிடுங்க, தயவுசெஞ்சு இன்னைக்கே. டிஸ்க்க சோதிச்சு சரிபண்ற விண்டோஸோட செக்டிஸ்க் இப்ப ஓட்டாதீங்க, சாகப்போற டிஸ்க்க அது இன்னும் வாட்டும். எங்க வீட்லயும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளித்தான் அப்பாவோட படமெல்லாம் போச்சு, இன்னும் மனசு ஆறல.

அப்புறம் டிஸ்க்கோட நிலைமைய காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு 05 (கெட்டுப்போய் மாத்தின இடங்க), சி5 (படிக்க முடியாம நிக்கிற இடங்க) ரெண்டு வரியையும் பாருங்க, ரா வேல்யூ (அந்த வரியில காட்டுற எண்ணிக்கை) பூஜ்யமா இல்லாம ஏறிக்கிட்டே போனா டிஸ்க்க மாத்திடுங்க, 256 ஜிபி எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டாலே மெஷின் புதுசு மாதிரி ஓடும். சி7 (டேட்டா போய் வர்றப்ப ஆகுற பிழை) மட்டும் ஏறினா டிஸ்க்க மதர்போர்டோட இணைக்கிற சாட்டா கேபிள மாத்திப் பாருங்க, சின்ன செலவுதான். மூணுமே பூஜ்யமா இருந்தா சொல்லுங்க, மெம்டெஸ்ட் (ராம் சோதனை), ப்ராசஸர் சூடுன்னு அடுத்து பாக்கலாம்.