கேளுங்க சொல்றேன்: ஸ்பீட் கூடினா டொப் ரைடா?

கேள்வி (ஹட்டன்ல இருந்து ஒரு தம்பி): அண்ணே, எங்க மாமா அபுதாபில வேலை செய்றாரு. அங்க பெராரி வேர்ல்ட்ல 240 கிலோமீட்டர் வேகத்துல போற ரோலர் கோஸ்டர்ல ஏறிட்டு வந்து, இதுக்கு மேல உலகத்துல ஒண்ணுமில்லன்னு ஒரே பேச்சு. ஒரு ரைட டொப்னு சொல்றதுக்கு ஸ்பீட் போதுமா?

பதில்: மாமா ஏறினது போர்முலா ரோசா தம்பி, 2010ல தொறந்தது, காத்து அடிக்கிற அடிக்கு கண்ணுக்கு கண்ணாடி மாட்டித்தான் ஏத்துவாங்க. நல்ல ரைடுதான், மாமாவோட எனக்கு சண்டை வேணாம். ஆனா ஸ்பீட மட்டும் வச்சு டொப்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். அமெரிக்காவுல நியூ ஜேர்சில கிங்டா கானு ஒண்ணு இருந்துச்சு, 2005ல வந்தது, 139 மீட்டர் உயரம், மணிக்கு 206 கிலோமீட்டர், ஏறி இறங்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. 2024ல மூடினாங்க, அடுத்த வருசமே வெடி வச்சு சாய்ச்சிட்டாங்க. கலிபோர்னியா டிஸ்னிலாண்ட்ல 1967ல தொறந்த பைரட்ஸ் ரைடு என்னன்னா சும்மா போட்ல ஒக்காந்து மெதுவா போறது, அதுக்கு இன்னமும் லைன்ல நிக்கிறாங்க.

என்னயக் கேட்டா, எத எப்ப காட்டுறது, எத மறைச்சு வைக்கிறதுங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. புளோரிடாவுல 1975ல வந்த ஸ்பேஸ் மவுண்டன எடுத்துக்கங்க, மணிக்கு 45 கிலோமீட்டர் பக்கம்தான், ரம்பொடை வளைவுல நம்ம வேன்காரங்க சிலபேர் அதவிட வேகமா போறாங்க! ஆனா உள்ளுக்கு கும்மிருட்டு, அடுத்த வளைவு எடது பக்கமா வலது பக்கமான்னு தெரியாது, ஒடம்பு தயாராகுறதுக்குள்ள இழுத்துட்டு போயிரும், அதனால ரெண்டு மடங்கு வேகமா போன மாதிரி இருக்கும்.

முன்ன சொன்ன கலிபோர்னியா டிஸ்னிலாண்ட்ல 1969ல வந்த பேய் வீடு, ஹோண்டட் மேன்ஷன், அதுல இன்னொரு கூத்து. ஒரு ரூமுக்குள்ள விட்டு கதவ மூடுவாங்க, சுவரெல்லாம் நீளுற மாதிரி இருக்கும், பாத்தா ரூமே ஒரு லிப்ட்டு, தரைதான் கீழ எறங்குது. ஏன்னா பூங்காவ சுத்தி ஒரு ரயில் பாதை ஓடுது, ரைடு இருக்கிற பெரிய கட்டடம் அந்தப் பாதைக்கு வெளிய, ஆக்கள தண்டவாளத்துக்கு அடியால கூட்டிட்டுப் போயாகணும். பைரட்ஸ்ல அந்த போட் ரெண்டு தடவ சறுக்கி விழுறதும் இதே காரணத்துக்குத்தான். எடம் பத்தாத பிரச்சினைய, பயப்படுத்துற சங்கதியா மாத்திட்டாங்க பாத்தீங்களா. நம்ம தெமோதரயிலயும் எஞ்சினியர்மாருக்கு இறக்கம் கூடிப்போற பிரச்சினைதான், பாதைய மலைய சுத்த விட்டு அதே ஸ்டேசனுக்கு அடியில சுரங்கத்துக்குள்ள நுழைய வச்சாங்க, இன்னைக்கு கோச்சில போறவங்க யன்னலால தலைய நீட்டிக்கிட்டு அதத்தான் பாக்குறாங்க.

பேய் வீட்ல வண்டி நிக்கவே நிக்காது, வரிசையா நகர்ந்துகிட்டே இருக்கும், ஒங்க முகத்த எந்தப் பக்கம் திருப்பணுமோ அந்தப் பக்கம் அதுவே திருப்பிரும். மணிக்கு 2000 பேருக்கு மேல ஏத்தலாம். இதையும் டொப் கணக்குல சேக்கணும், மூணு மணித்தியாலம் நிக்க வச்சு அரை நிமிஷத்துல இறக்கி விடுறது என்ன ரைடு?

கேள்வி (பதுளை வாசகி): நல்ல ரைடுக்கு ஈ டிக்கட் ரைடுன்னு சொல்றாங்களே, அது என்ன?

பதில்: டிஸ்னிலாண்ட் 1955ல தொறந்தது தங்கச்சி. அந்தக் காலத்துல டிக்கட்ட புக்கா வித்தாங்க, சின்ன ரைடுக்கு ஏ, அப்புறம் பீ, சீ, டீன்னு கூடிக்கிட்டே போகும். 1959ல மேட்டர்ஹோர்ன், நீர்மூழ்கி, மோனோரயில் மூணும் வந்தப்பதான் எல்லாத்துக்கும் மேல ஈ டிக்கட்ட சேத்தாங்க. அந்த மேட்டர்ஹோர்ன்தான் இரும்புக் குழாய்ல தண்டவாளம் போட்ட முதல் ரோலர் கோஸ்டர். புக் முறைய 1982ல நிப்பாட்டிட்டாங்க, ஆனா பேச்சுல ஒட்டிக்கிச்சு, 1983ல அமெரிக்க விண்வெளி வீராங்கனை சாலி ரைட் விண்வெளிக்குப் போனப்பகூட ரொக்கட் பயணம் ஈ டிக்கட்தான்னு சொன்னாங்க.

கேள்வி (நுவரெலியா): தலகீழா சுத்துற ரோலர் கோஸ்டர்ல அந்த வளையம் ஏன் முழு வட்டமா இல்ல, முட்டை மாதிரி இருக்கு?

பதில்: கழுத்துக்காக. 1895ல நியூ யோர்க் கோனி ஐலண்ட்ல பிளிப் பிளாப்னு ஒண்ணு முழு வட்டமாத்தான் கட்டினாங்க, வட்டத்துக்குள்ள நுழையுற நேரம் ஒடம்ப அப்படி அமுக்கி கழுத்துவலிதான் மிச்சம். மேல இறுக்கமா, கீழ அகலமா வளைச்சா அந்த அமுக்கம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். 1976ல கலிபோர்னியாவுல ரெவலூஷன்னு ஒரு ரோலர் கோஸ்டர்ல அப்படி கட்டினப்புறம்தான் தலகீழ் ரைடு திரும்ப சூடு பிடிச்சது.

கேள்வி (பண்டாரவளை): முன் சீட்டா பின் சீட்டா?

பதில்: பின்னுக்கு. உச்சில முன் பெட்டி மெதுவா தாண்டி தொங்கிக்கிட்டு நிக்கும், கடைசிப் பெட்டி உச்சிக்கு வர்ற நேரம் பாதி வண்டி கீழ எறங்கியிருக்கும், அதனால வெடுக்குன்னு இழுத்து சீட்ல இருந்தே தூக்கிரும். காட்சி பாக்கணும்னா முன்னுக்கு போங்க. சோறு தின்னுட்டு ரெண்டுலயும் ஏறாதீங்க.