அடமானம் இல்லாமல் பெரிய கடன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாதம் 60,000 கைக்கு வருகிறது. பழைய கடன்களுக்கு 12,000 தவணை போகிறது. சொத்து எதுவும் இல்லை. தனிநபர் கடனாக 10 லட்சம் கிடைக்குமா?

இன்றைய நிலையில் முழுத் தொகையும் கிடைப்பது கடினம். தடையாக இருப்பது அந்த 12,000தான். அடகு வைக்க எதுவும் இல்லாதபோது, வங்கி நம்புவது உங்கள் மாத வருமானத்தில் மிஞ்சும் பணத்தை. எல்லாத் தவணையும் சேர்ந்து வருமானத்தில் 40 முதல் 50 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள கணக்கு.

50 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 30,000. அதில் 12,000 போனால் மிச்சம் 18,000. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் 2,224 கட்ட வேண்டும். ஆக, 18,000 தாங்குவது 8 லட்சத்தைத்தான்.

பழைய கடன்களில் முடியும் தறுவாயில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 5,000 வீதம் இன்னும் 8 தவணை பாக்கி என்றால், 40,000-க்குள் அதை அடைத்துவிடலாம். அந்த 5,000 விடுபட்டதும் உங்கள் தகுதி 10 லட்சத்தைத் தாண்டிவிடும். அடைத்த கையோடு 'பாக்கி இல்லை' என்ற கடிதத்தை வாங்கிவிடுங்கள். உங்கள் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையில் 'முடிந்தது' என்று ஏறிய பிறகே விண்ணப்பம் போடுங்கள். அவசரப்பட்டால் பழைய 12,000-தான் கணக்கில் வரும்.

காலத்தை 7 ஆண்டாக நீட்டினாலும் தவணை லட்சத்துக்கு 1,765 ஆகக் குறைந்து 10 லட்சம் கிடைக்க வழி உண்டு. ஆனால் லட்சத்துக்கு 33,500 அளவில் இருந்த மொத்த வட்டி 48,300 ஆகிவிடும். சின்னக் கடனை அடைக்கவே முடியாது என்றால் மட்டும் இதற்குப் போங்கள்.

ஒரே மாதத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பித்தேன். ஐந்திலும் மறுத்துவிட்டார்கள். தவணை தவறியதே இல்லை. ஏன்?

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையும் அறிக்கையில் பதிவாகிறது. அடுத்தடுத்து ஐந்து பதிவைப் பார்ப்பவர், இவருக்குப் பண நெருக்கடி என்றுதான் எண்ணுவார். சில மாதம் விண்ணப்பமே போடாதீர்கள். உங்கள் அறிக்கையை நீங்களே வாங்கிப் பாருங்கள். அதனால் உங்கள் கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) குறையாது.

அடைத்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்கிறதா, யாருடைய கடனோ உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா, குறைத்துப் பேசி முடித்த பழைய கடன் 'செட்டில்டு' என்று கிடக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். 'செட்டில்டு' என்றால் முழுசாகக் கட்டவில்லை என்று பொருள்; 'முடிந்தது' வேறு. கிரெடிட் கார்டில் வரம்பு 1 லட்சம் என்றால் பயன்பாட்டை 30,000-க்குள் வைத்திருங்கள். கடைசி நாளுக்குள் முழுசாகக் கட்டிவிடுகிறவருக்கும் இது பொருந்தும். பெரும்பாலும் அறிக்கையில் ஏறுவது பில் போட்ட நாளின் பாக்கிதான்.

ஓரிடத்தில் 12 சதவீதம், இன்னோரிடத்தில் 14. குறைந்ததை எடுக்கலாம்தானே?

அந்த 12 'ஃபிளாட்' வட்டியா என்று முதலில் கேளுங்கள். ஃபிளாட் என்றால் நீங்கள் அடைக்க அடைக்கவும் முழு அசலுக்கே வட்டி ஓடும். லட்சத்துக்கு 5 ஆண்டில் 60,000 வட்டி, மாதம் 2,667. குறையும் அசலுக்கு 14 சதவீதம் என்றால் வட்டி 39,600 அளவு, மாதம் 2,327. 12 ஃபிளாட் என்பது உண்மையில் 20 சதவீதத்துக்கும் மேல்! சதவீதத்தை விடுங்கள், கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ப்ராசஸிங் கட்டணம் 2 சதவீதம் என்றால் 10 லட்சத்தில் 20,000 பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். காப்பீட்டையும் கடனோடு சேர்த்து உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா என்று பாருங்கள். முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

தம்பியை இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், அவர் வருமானமும் கணக்கில் வரும். ஆனால் முழுக் கடனும் அவர் தலையிலும் நிற்கும். அவர் நாளை சொந்தமாகக் கடன் கேட்கும்போது இந்தத் தவணையும் கழிக்கப்படும். அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து கேளுங்கள்.

ஆவணமே வேண்டாம், 15 லட்சம் தயார், 'ஃபைல் சார்ஜ்' மட்டும் முதலில் அனுப்புங்கள் என்று போனில் சொல்கிறார்கள்.

அனுப்பாதீர்கள், இது மோசடி. முதல் தொகையை அனுப்பியதும் வரி, காப்பீடு என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்த நிமிடமே உங்கள் வங்கிக்குச் சொல்லிப் பரிமாற்றத்தை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காமல் காவல் துறையில் புகார் கொடுங்கள். ஓடிபி சொல்லியிருந்தால் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.